லிஃப்டுக்கு முன்னால் எடுத்த பேட்டி

மண்டபம் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. மறக்கிற எண்ணமும் இல்லை.

பொங்கல் விழா. மேடையில் எங்கள் தொகுதி உறுப்பினர், மாகாண சட்டசபையில் இருக்கிறவர், பட்டு வேட்டிக்கு மேல் குளிர் கோட்டுப் போட்டபடி நின்றார். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். நான் எழும்பி, என் அக்கா இருக்கிற கட்டடத்தின் லிஃப்டைப் பற்றிக் கேட்டேன். போன தேர்தலுக்கு முன் அவரே வந்து திருத்தித் தருவதாகச் சொன்ன லிஃப்ட் அது.

அவர் கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார். ஆள் யாரென்று பிடிபட்டதும் முகம் மலர்ந்தது.

"அண்ணை, நீங்கள் கொத்துரொட்டி வீடியோ போடுற ஆள் எல்லோ! நான் விரும்பிப் பாக்கிறனான். நீங்கள் கொத்துங்கோ அண்ணை, அரசியலை நாங்கள் பாக்கிறம்."

சிரித்தவர்களில் என் பக்கத்துக் கதிரைக்காரரும் ஒருவர். பிறகு மனம் கேட்காமல் தன் தட்டிலிருந்த வடையை என் பக்கம் நீட்டினார். நான் எடுக்கவில்லை. 'ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவேணும்' என்று ஒரு சொல் இருக்கிறது. சோற்றுக்குச் சொன்னது. பழிக்கும் பொருந்தும் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

கொத்துரொட்டி என்று அவர் சொன்னதில் பொய் இல்லை. நான் படித்துவிட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த ஆள் அல்ல. பேக்கரியில் மா குழைத்தேன், லொறி ஓடினேன், முதுகு கைவிட்ட பிறகு வீட்டில் சும்மா இருக்கமுடியாமல் ஃபோனைத் தூக்கிக்கொண்டு அஜின்கோர்ட் பக்கத்துத் தமிழ்க் கடைகளுக்குள் போனேன். கொத்துகிறவரோடு கதைத்தேன், சாப்பிடுகிறவரோடு கதைத்தேன். சனம் பார்த்தது. பார்க்கப் பார்க்க எனக்கும் வாய் கூடியது. பிறகு அது ஒரு நிகழ்ச்சியாகவே வளர்ந்தது. யாராவது ஒருவர் வீட்டில் சமைப்போம். விருந்தாளி சாப்பிடுவார், கதைப்பார், போகும்போது தன் வீட்டில் புழங்கிய பழமொழி ஒன்றை விட்டுவிட்டுப் போவார். சமைக்கிற வீடு எது என்பது என் தெரிவு, விருந்தாளியின் தெரிவு அல்ல. இன்னொரு வழக்கமும் இருந்தது. சோற்றில் கை வைத்திருக்கிறவரிடம் மனம் நோகிற கேள்வி கேட்பதில்லை. சாப்பாட்டில் இருக்கிறவரை எழும்பப் பண்ணுவது எங்கள் சனத்துக்குள் கொலைக்கு அடுத்த பாவம்.

அக்காவின் கதையையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் ஒரு பகிடிக்காக இவ்வளவு வன்மமா என்று கேட்பீர்கள்.

அக்கா மோர்னிங்சைட்டில் பதினோராம் மாடியில் தனியே இருக்கிறார். அத்தான் காலமாகிவிட்டார். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. அந்தக் கட்டடத்தில் இரண்டு லிஃப்ட். ஒன்று செத்துப் பலகை அடித்தாயிற்று. மற்றது நினைத்தால் ஓடும், நினைக்காவிட்டால் மாதக்கணக்கில் படுக்கும். போன தேர்தலுக்கு முன் உறுப்பினர், அப்போது வேட்பாளர், கீழ் வாசலில் நின்று, என் கமெராவைப் பார்த்து, அக்காவின் தோளில் கை போட்டுச் சொன்னார்: "அன்ரி, நான் வெண்டு வந்தால் முதல் வேலை உங்கட லிஃப்ட்." அக்கா அதை நம்பினார். கட்டடத்துத் தமிழ்ச் சனம் எல்லாம் நம்பியது. சிலர் என் முகத்துக்காகவே வாக்குப் போட்டார்கள்.

அவர் வென்றார். லிஃப்ட் படுத்தபடி கிடந்தது.

அக்காவுக்கு ரெக்ஸ்டேலில் ஒரு சிநேகிதி இருந்தார். இரண்டு பேரும் ஒரே தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து மெசினில் வருசக்கணக்காகத் தைத்தவர்கள். வேலை விட்ட பிறகும் தினமும் காலையில் ஃபோனில் கதைப்பார்கள், என்ன சமையல் என்று கேட்கத்தான். அந்த அம்மா திடீரென்று போய்விட்டார். செத்தவீட்டுக்குக் கூட்டிப்போக நான் காரோடு வந்து கீழே நின்றேன். லிஃப்ட் இல்லை. "நான் நடந்து வாறன்" என்று அக்கா ஃபோனில் சொன்னார். நான் மேலே ஏறிப் போய்ப் பார்த்தபோது எட்டாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் இடையில், வெள்ளைச் சேலையோடு, படியில் இருந்தார். கீழேயும் போக ஏலாது, மேலேயும் ஏற ஏலாது. பக்கத்தில் நானும் இருந்தேன். ஃபோனில் யாரோ செத்தவீட்டைக் காட்டினார்கள். அக்கா அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக் கும்பிட்டார். அழவில்லை. "அவள் என்ர வரவைப் பாத்துக்கொண்டு இருந்திருப்பாள்" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் நான் பொங்கல் விழாவில் எழும்பிக் கேட்டேன். அதற்குத்தான் மண்டபம் சிரித்தது.

இப்போது இந்தத் தேர்தலுக்கு வருவோம். ஒரு நாள் ஃபோன் அடித்தது. உறுப்பினரின் உதவியாளர், இங்கே பிறந்த பிள்ளை, தமிழும் ஆங்கிலமும் கலந்து சிரித்துச் சிரித்துக் கதைத்தார்.

"அங்கிள், சேர் உங்கட ஷோவுக்கு வர லவ் பண்ணுவார். இட்ஸ் சோ வோர்ம், யூ நோ? ஃபமிலி மாதிரி இருக்கும்."

நான் கொத்துகிற ஆள் என்பது மேலிடத்தில் மறந்துபோயிற்று போலும். அல்லது மறக்கவில்லை, அதற்காகத்தான் கேட்டார்களோ! என் சிநேகிதி ஒருத்தி வானொலியில் செய்தி வாசிக்கிறார். ஊரில் பத்திரிகையில் வேலை செய்தவர், குண்டுச் சத்தத்துக்குள்ளும் கேள்வி கேட்ட வாய். அவருக்குச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் ஒரு கசப்பு இருந்தது.

"நாங்கள் எத்தினை தரம் கேட்டம், நேரம் இல்லையாம். பத்திரிகைக்காரருக்கும் இல்லையாம். விவாதத்துக்கும் வரமாட்டாராம். உங்களிட்டை மட்டும் வாறாராம். ஏனெண்டு யோசிச்சியளோ?"

"ஏன், நான் சனத்தைக் கதைக்க விடுறன் எண்டு."

"அதுதான் நானும் சொல்றன். நீங்கள் வீடியோக்காரர் பேட்டி எடுக்கிறேல்லை. பந்தி பரிமாறுறியள். வந்தவர் வயிறு நிறைஞ்சு, ஏவறை விட்டுட்டுப் போவார். சனமும் 'ஐயோ, எவ்வளவு எளிமையான மனுசன்' எண்டு கீழ எழுதும்."

சுட்டது. உண்மைதான் சுடும். "அப்ப என்ன செய்யச் சொல்றியள்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் பெரிசில்லை. ஒரே கேள்வியைக் கேளுங்கோ. மழுப்பினால் திரும்பவும் அதையே கேளுங்கோ. கோபப்படாதேங்கோ, வேற சொல்லுப் போடாதேங்கோ. மனுசருக்கு ஒரே கேள்வியை மூண்டாம் தரம் கேக்கேக்க வாய் தானாக் கழலும்."

ஆனால் என் திட்டம் அதைவிடக் கொடியது. சமைக்கிற வீடு என் தெரிவு அல்லவா? அக்கா வீடு என்று சொன்னேன். மோர்னிங்சைட், பதினோராம் மாடி. லிஃப்ட் அப்போது படுத்து வாரக்கணக்கு. உதவியாளர் பிள்ளை விலாசத்தை வாங்கி "பேர்ஃபெக்ட்" என்றார். கீழ் வாசலிலிருந்தே கமெராவைப் போட்டு, அவரைப் படியால் ஏற்றி, மூச்சு வாங்க வாங்கக் கதைக்க வைத்து, எட்டாம் மாடியும் ஏழாம் மாடியும் சந்திக்கிற அந்தப் படியில் நிறுத்திக் கேட்பது என்று வைத்திருந்தேன். அந்தப் படியைக் கனவிலும் கண்டேன். அவர் வேர்த்துப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், நான் அன்பாகத் தண்ணீர்ப் போத்தலை நீட்டுகிறேன். தண்ணீர் கொடுக்கிற காட்சிதான் எனக்கு எல்லாவற்றிலும் இனித்தது.

அன்றைக்குக் காலை வெளியே பனி உறைந்து கிடந்தது. பைகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குள் வந்தேன். லிஃப்டுக்கு மேலே விளக்கு எரிந்தது. கதவு திறந்தது. உள்ளே புது எண்ணெய் மணம்.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வது? ஒரு கட்டடம் முழுக்க எதற்காக ஏங்கிக் கிடந்ததோ அது ஓடுகிறது, நான் ஒருவன் மட்டும் வயிறெரிந்து நிற்கிறேன்.

அக்கா கதவைத் திறந்தபோது முகம் பூத்திருந்தது. "ராவோட ராவா ஆக்கள் வந்து திருத்தினவங்கள். நீ சொன்ன ஆள் வாறார் எண்டுதான் போல. தம்பி, ஆள் வந்தாத்தான் லிஃப்ட் ஓடும் எண்டால் அவரை இஞ்சயே மறிச்சு வைச்சிரு. அத்தான்ர அறை சும்மாதானே கிடக்கு."

"அக்கா, உங்களுக்குக் கோபமே வராதோ?"

"வரும். புட்டு அவிஞ்சு முடியட்டும்."

அவர் வந்தார். லிஃப்டில்தான் வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். அக்காவின் காலைத் தொடுவது போலக் குனிந்து, கமெராவைப் பார்த்து நிமிர்ந்தார். "பாத்தியளோ அன்ரி, சொன்ன சொல்லு! லிஃப்ட் ஓடுது!" என்றார். எனக்குக் கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அக்கா சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டார். உறுப்பினர் கை கழுவிவிட்டு வந்து இருந்துவிட்டார். கை சாப்பாட்டில் பட்டது. முடிந்தது.

சும்மா சொல்லக்கூடாது, மனுசன் கெட்டிக்காரன். புட்டைப் பிசைகிற விதத்தில் ஒரு தொகுதியை வெல்லலாம். மீன் குழம்பை ஊற்றி, வாழைப்பழத்தைத் தொட்டுக்கொள்ளலாமா என்று பிள்ளைமாதிரிக் கேட்டு, தாயின் சமையலைச் சொல்லிக் கண் கலங்கினார். நான் ஒரு கேள்வியைத் தூக்கினால் அவர் இன்னொரு கரண்டி கேட்டார். "அன்ரி, இன்னும் கொஞ்சம்." அக்காவும் போட்டார். கேட்டவருக்குப் போடாமல் விடுகிற கை அவரிடம் இல்லை. என் வழக்கத்தை என்னைவிட உறுப்பினர் நன்றாகப் படித்துவிட்டு வந்திருந்தார். கோப்பை நிறைய இருக்கும்வரை தனக்கு ஆபத்து இல்லை என்று தெரிந்திருந்தது.

என் நம்பிக்கை எல்லாம் கை கழுவும் நேரத்தில் இருந்தது. கை கழுவிவிட்டால் விருந்தாளி இல்லை, உறுப்பினர்.

"உங்கட வீட்டுச் சொல்லு ஒண்டு சொல்லுங்கோ" என்று கேட்டேன், வழக்கப்படி.

"எங்கட அம்மா சொல்லுவா: உழைப்பே உயர்வு!"

அக்கா நெற்றியைச் சுருக்கினார். "இது சொல்லோ தம்பி, இல்லாட்டி மாப் பையில அச்சடிச்சுக் கிடக்குமே, அதோ?"

அவர் பெரிதாகச் சிரித்தார். சிரித்தபடியே எழும்பினார். கை கழுவக் குசினிப் பக்கம் போகவில்லை. உதவியாளர் பிள்ளை பையிலிருந்து ஈரக் கடதாசியை நீட்டினார். நின்ற நிலையில் விரலைத் துடைத்துவிட்டு, "அங்கிள், நெக்ஸ்ட் மீற்றிங், வீ ஆர் சோ லேற்" என்று பிள்ளை சொல்ல, இருவரும் வாசலில் சப்பாத்துக்குள் காலை விட்டார்கள். கை கழுவவே இல்லை! அவ்வளவு காலம் காத்த பழி, ஒரு ஈரக் கடதாசியில் துடைபட்டுப் போகப் பார்த்தது.

கமெராவைத் தூக்கிக்கொண்டு, லிஃப்டுக்குப் போகிற நடையில், எங்கள் பேச்சில் ஓடையில், பின்னாலே ஓடினேன். வழியனுப்புகிற மாதிரி.

அவர் லிஃப்ட் பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் வந்தது. கதவு திறந்தது. உள்ளே இடம் இல்லை.

இது நான் திட்டமிட்டது அல்ல, கட்டடம் திட்டமிட்டது. லிஃப்ட் ஓடுது என்ற செய்தி மாடிக்கு மாடி பரவியிருந்தது. மறுபடி படுக்கும் முன் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று அத்தனை சனமும் வெளிக்கிட்டு நின்றது. உடுப்புக் கூடைகள், வோக்கர் பிடித்த கிழவர்கள், வாரக்கணக்காகக் குப்பையை வீட்டுக்குள் வைத்திருந்தவர்கள். யமேக்கா நாட்டுப் பெரியவர் ஒருவர் தொப்பியைத் தூக்கி "சொறி, மான்" என்றார். கதவு மூடியது.

உறுப்பினர் சிரித்தார். ஆளோடு ஆளாக நெருக்கி ஏறியிருக்கலாம். கமெரா ஓடுகிறது, வோக்கர்காரரை ஆர் தள்ளுவது? நான் அன்பாகக் கேட்டேன்:

"நிக்கிற நேரத்துக்கு ஒண்டு. இந்த லிஃப்ட் இவ்வளவு காலமும் ஏன் திருத்தேல்லை?"

"அண்ணை, அது தனியார் கட்டடம். மாகாணம் நேரடியாத் தலையிட ஏலாது. சட்டம் அப்பிடி."

லிஃப்ட் மறுபடி வந்தது. இந்த முறை ஒரு சோபா. நிமிர்த்தி வைத்த சோபாவுக்குப் பின்னால் ஒரு மனிதரின் கண் மட்டும் தெரிந்தது. கீழ் வாசலில் கிடந்து கிடந்து ஊத்தைபட்ட சோபா அது, அன்றைக்குத்தான் வீடு போகிறது. மூடியது.

"இந்த லிஃப்ட் இவ்வளவு காலமும் ஏன் திருத்தேல்லை?"

"அண்ணை, சொன்னன்தானே. நாங்கள் கடிதம் போட்டனாங்கள், குழு வைச்சுக் கதைச்சனாங்கள், அது ஒரு புறோசஸ்."

உதவியாளர் பிள்ளை ஒரு தாளை எடுத்து உறுப்பினரின் முகத்துக்கு விசிறினார். சூடாக்கி எரிகிற ஓடையில் குளிர் கோட்டோடு நிற்பது லேசான காரியமா? படியில் நான் பார்க்க ஆசைப்பட்ட வேர்வை, ஓடையிலேயே அவர் நெற்றியில் வந்தது. எனக்கு ஒரு தண்ணீர்ப் போத்தல்தான் குறை.

"இந்த லிஃப்ட் இவ்வளவு காலமும் ஏன் திருத்தேல்லை?"

அவர் என் பக்கம் திரும்பினார். அந்த மண்டபத்து முகம்.

"அண்ணை, என்ன நீங்கள் கிளிப்பிள்ளை மாதிரி? லிஃப்ட் ஓடுதோ இல்லையோ? ஆர் ஓட வைச்சது? நேற்று நான் ஃபோனில ஒரு கோல். ஒரே ஒரு கோல். கொம்பனிக்காரன் உடன ஆள் அனுப்பினவன். என்ர ஒரு கோலுக்கு இருக்கிற பவர் அதுதான்!"

அவர் சொல்லி முடிக்கவும் லிஃப்ட் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. உள்ளே மூன்று உடுப்புக் கூடைகளுக்கு நடுவில் பதின்மூன்றாம் மாடியில் இருக்கிற ஒரு அன்ரி. வீட்டுச் சட்டைக்கு மேல் ஜக்கெற். முழுவதையும் கேட்டுவிட்டார்.

"ஒரு கோலோ?" என்றார். "அப்ப முந்தி உங்களிட்டை ஃபோன் இல்லையோ தம்பி?"

கதவு மூடியது. அன்ரி இறங்கிப் போய்விட்டார். அந்தக் கேள்வி மட்டும் ஓடையில் நின்றது.

கமெராவை நான் உறுப்பினரின் முகத்திலிருந்து எடுக்கவில்லை. அவர் லிஃப்ட் பொத்தானை மறுபடி அழுத்தினார். பிறகு படிக்கதவைத் தள்ளிக்கொண்டு போனார். பின்னால் பிள்ளை. அக்கா வாசலில் நின்று கூப்பிட்டார்: "தம்பி, சப்பாத்து நாடா அவிண்டு கிடக்கு, படியில பாத்துப் போ!" அக்கா உண்மையாகவே பயந்துதான் சொன்னார். எனக்கு, அவர் இறங்கிப் போகிற சத்தம் மாடிக்கு மாடி குறைந்து குறைந்து கேட்டது. நான் கடைசிவரை நின்று கேட்டேன். எட்டாம் மாடியும் ஏழாம் மாடியும் தாண்டும்போது அக்காவின் வெள்ளைச் சேலை நினைவுக்கு வந்தது. அவருக்கு அது ஒரு படி. அவ்வளவுதான்.

பின்னேரம் பிள்ளை ஃபோன் எடுத்தார். "அங்கிள், சாப்பிடுறதோட கட் பண்ணலாமா? ஓடையில கதைச்சது ஓஃப்-த-றெக்கோர்ட்தானே." நான் ஒன்றும் கட் பண்ணவில்லை. ஓடையை முன்னுக்கு வைத்தேன், புட்டைப் பின்னுக்கு வைத்தேன்.

அந்த ஒரு கோல், சனத்தின் வாயில் சொல்லாகிவிட்டது. கடைகளில் ரொட்டி பிந்தினால், "ஒரு கோல் எடுக்கவோ?" என்று கேட்டார்கள். நான் பழமொழியும் சொல்லடையும் சேர்க்கிறவன். ஆனாலும் இவ்வளவு ருசியாக ஒன்று எனக்குக் கிடைத்ததில்லை. 'தவளை தன் வாயால் கெடும்' என்று பழைய ஆட்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். தவளை வாயைத் திறக்கும்வரை குளக்கரையில் நிற்க ஒருவன் வேண்டும், அதைச் சொல்லவில்லை.

வானொலிச் சிநேகிதி ஃபோன் எடுத்தார். "இது பேட்டி இல்லை. முகத்துக்கு முன்னால் கமெராவை வைச்சுக்கொண்டு நிண்டியள், அவ்வளவுதான். ஆனா எனக்குக் கிடைக்காத விடை உங்களுக்குக் கிடைச்சிருக்கு. பொறாமையாத்தான் கிடக்கு."

நான் அதற்குப் பிறகு இதை நிறைய யோசித்தேன். வீடியோக்காரன் தலைவர்களைப் பேட்டி காண ஏற்றவனா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். என் வீடியோச் சனல் மாதிரி எத்தனையோ சனல்களில் அவர் இதற்கு முன் புட்டும் தின்றார், தேத்தண்ணியும் குடித்தார், ஒரு கீறல் விழவில்லை. சிநேகிதி மாதிரி ஆட்களிடம் அவர் போயிருந்தால் சட்டம், அதிகாரம், குழு, கடிதம் எல்லாவற்றையும் அக்கக்காகப் பிரித்திருப்பார்கள். அதனாலேதான் அவர் போகவில்லை. எங்களிடம் இளக்காரத்தோடு வருகிறார்கள். இளக்காரத்தோடு வருகிறவன் காவலைக் கழற்றிவிட்டு வருவான். என்னிடம் இருந்த ஒரே தகுதி அதுதான், அதுவும் அவர் தந்தது. மிச்சம் எல்லாம் வன்மம்.

அவர் திரும்பவும் வென்றார். இதைப் படிக்கிறவர்கள் ஏமாறக்கூடாது, வென்றார். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

ஆனால் லிஃப்ட் மறுபடி படுத்தபோது எனக்கு வேலை இருந்தது. கீழ் வாசலுக்குப் போய், இருட்டிக் கிடந்த லிஃப்ட் கதவைக் கமெராவில் எடுத்தேன். அதன் மேல் அவர் குரலைப் போட்டேன்: "என்ர ஒரு கோலுக்கு இருக்கிற பவர் அதுதான்!" அன்று பொழுதுபட முன் ஆள் வந்து திருத்தினான். பிறகு படுத்தது, பிறகு போட்டேன், பிறகு வந்தான். இப்போது நான் போடத் தேவையில்லை. கட்டடத்துச் சனமே போடுகிறது. சோபாக்காரர் போட்டது என்னுடையதைவிடக் கூடப் பார்வை.

ரெக்ஸ்டேல் அம்மாவின் முதலாம் வருச ஆட்டைத் திவசம் வந்தது. செத்தவீட்டுக்குப் போகாத அக்கா அதற்கு எப்படியும் போகவேண்டும் என்று சேலை எடுத்து மடித்து வைத்திருந்தார். அன்று காலை லிஃப்ட் ஓடியது. நான் மேலே போய் அக்காவைக் கூட்டிக்கொண்டு ஓடையில் நிற்கையில் என் ஃபோன் அடித்தது. உறுப்பினரே. பிள்ளை மூலம் இல்லை, நேரே.

"அண்ணை, முடிஞ்ச கதைதானே. அந்த வீடியோவை எடுத்துவிடுங்கோ. சனம் எங்க போனாலும் 'ஒரு கோல்' எண்டு கத்துது. என்ர பிள்ளையளும் அதைப் பள்ளிக்கூடத்தில கேக்குதுகள்."

பிள்ளைகளைச் சொன்னபோது மனம் ஒரு கணம் இளகப் பார்த்தது. அக்காவின் கையைப் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, லிஃப்ட் விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல், அது இடையில் நின்றுவிடுமோ என்று பார்த்தபடி நின்றார். ஓடுகிற லிஃப்டையும் நம்பாத அளவுக்கு அவரைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள்.

"எடுக்கிறன் தம்பி," என்றேன். "என்ர அக்கா உயிரோட இருக்கிற வரைக்கும் லிஃப்ட் ஒரு நாளும் படுக்காமல் ஓடட்டும். அதுக்குப் பிறகு யோசிப்பம்."

கதவு திறந்தது. அக்கா ஒரு காலை உள்ளே வைத்து, மற்றக் காலையும் வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"தம்பி, நான் செத்தாலும் என்னை இதிலதான் கீழ இறக்கவேணும்," என்றார். "அதையும் சேத்துச் சொல்லு."

சேர்த்துச் சொன்னேன்.